பக்கத்து மரத்துக் காய்

மலைக்காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் புதிதாக இணை சேர்ந்திருந்தன. யார் உயரப் பறப்பது என்று பந்தயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், பெண்ணுக்கு அடிவயிறு கனத்தது.

"ஏங்க, முட்டை."

"இப்பவேவா?" என்றது ஆண். பிறகு அவசரமாக, "சந்தோஷந்தான்" என்றது.

இருவாச்சிகளின் வழக்கம் இரண்டுக்கும் தெரியும். முட்டையிடும் பெண், மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ள வேண்டும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிஞ்சும். குஞ்சு வளரும்வரை ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் உயிர்.

பொந்துக்குள் ஒரே இருட்டு. கடைசி மண்ணுருண்டையை அலகில் எடுத்த பெண், அதைக் கீழே வைத்துவிட்டது.

"நீங்க வராமப் போயிட்டா?"

"வராம எங்க போவேன்? பழம் பறிக்கத்தானே போறேன்?"

"அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

ஆனால் முட்டை காத்திருக்காதே. பெண் கண்ணை மூடிக்கொண்டு மண்ணை அப்பியது.

சிறகோசை தேய்ந்து மறைந்தது. பெண் நன்றாகப் பயப்படத் தொடங்குவதற்குள் அந்த ஓசை திரும்பியும் வந்துவிட்டது. கீறல் வழியாக ஓர் அத்தி உள்ளே வந்தது. கடித்தால் ஒரே துவர்ப்பு.

"காயா இருக்கே! அருவிக்கு அந்தப் பக்கம் பழுத்துக் கிடக்குதே?"

"கிடக்குது."

"அப்புறம்?"

"இந்தப் பொந்து கண்ணுல தெரியிற தூரந்தான் போக முடிஞ்சுது, புள்ள."

பெண் அந்தக் காயை மிச்சம் வைக்காமல் தின்றது.

"நாளைக்கு அருவிவரைக்கும் போய்ப் பாருங்க" என்றது.

"சரி" என்றது ஆண். கீறலிலிருந்து அலகை எடுக்கவில்லை.