சொருகாத வயர்

முதல் பாட்டு வருவதற்குள் ஊரெல்லாம் பேனர் கட்டிவிட்ட இசைக்குழு அது. மேடையில் ஓடியதென்னவோ பதிவு செய்த பாட்டுதான். கிளாட்வினுடைய கிட்டார் வயரின் மறுமுனை எதிலும் சொருகப்படாமல் அவன் பின்பாக்கெட்டில் கிடக்கும். அவன் கம்பியைச் சும்மா தடவினாலும் கூட்டம் அலறும். ஒரே வருஷத்தில் அந்தக் கூட்டம் வேறொரு குழுவுக்காக அலறப் போய்விட்டது, இவர்கள் கலைந்தார்கள்.

இன்று ஒரு காதுகுத்து வீட்டில், வயரை ஸ்பீக்கரில் சொருகி வாசித்தான். பாதிப் பாட்டில் விரல் வழுக்கியது. பாயசம் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“தம்பி, அந்த எடத்துல கோட்டை விட்டுட்டீங்களே!”

கிளாட்வினின் கை பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தது. காலியாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்:

“கேட்டுச்சாய்யா?”