வாலு பார்த்த ரிப்பேர்

“ஏய் வாலு! ஓடி வாடி! மோசம் போயிட்டேன்!”

பற்பசை நுரையோடு பறந்து வந்தாள் தங்கை. லீவு நாள் என்றால் பதினோரு மணிக்குத்தான் பல் தேய்ப்பாள். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“‘வதாஷி’ன்னு அடிச்சு ஸ்பேஸைத் தட்டினா ஜப்பானிய எழுத்தா மாறணும். நேத்து வரைக்கும் சமர்த்தா மாறிச்சு. இன்னைக்குப் பாரு, இங்கிலீஷ்லயே குத்துக்கல் மாதிரி நிக்குது!”

எடிட்டர் திரை முழுக்க வரிசை வரிசையாக ஆங்கில எழுத்தில் வதாஷிகள். அதற்கு ‘நான்’ என்று அர்த்தம்.

“மொழி மாத்துற கீயை அழுத்தினியா?”

“விரல் தேய அழுத்தியாச்சு. பன்னிரண்டு மணிக்குள்ள அந்த ஜப்பான் கம்பெனிக்கு மெயில் போயாகணும்டி. அவங்க மொழியிலதான் எழுதணுமாம். இல்லைன்னா என் கதை கந்தல்!”

வாலு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலுக்கு மாறினாள். ஊரார் கம்ப்யூட்டரையும் போனையும் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவள் அவள். அக்காவோ ஜப்பானிய இயந்திரங்களின் விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்க்கிறவள்.

எடிட்டரை மூடினாள், திறந்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள், எழுப்பினாள். வதாஷி அசையவில்லை.

“திரை மூலையில எப்பவும் ஒரு குட்டி எழுத்து நிக்குமே, அதையும் காணோம்டி,” என்றாள் அக்கா குனிந்து.

“அதுவும் லீவு போட்டிருக்கும். நகரு, வெளிச்சத்தை மறைக்காதே. அப்டேட் போட்டாத்தான் இது வழிக்கு வரும்.”

நீலக் கோடு ஒன்று நத்தைக்கு அண்ணனாகத் திரையில் ஊர ஆரம்பித்தது.

“என் போன் இருந்தா அதுலயே அடிச்சுத் தொலைச்சிருப்பேன். கண்ணாடி மாத்தித் தர்றேன்னு நேத்துதானே பிடுங்கிட்டுப் போனே?”

“சாயந்தரம் வந்துடும்க்கா.”

“சரி, உன் போனைக் கொடு.”

“என்னோடது பட்டன் போன். அதுல தமிழே தகராறு.”

“போன் டாக்டர் கையில பட்டன் போன்! வெளியில சொல்லாதே, சிரிப்பாங்க.”

உண்மையில் இது ஒரு நிமிட ரிப்பேர். எழுத்தை மாற்றித் தரும் ஜப்பானியப் புரோகிராமை, நேற்று அக்கா குளிக்கப் போன நேரத்தில் செட்டிங்ஸுக்குள் புகுந்து நிறுத்தி வைத்தவளே வாலுதான். போன் கண்ணாடியில் இருந்ததும் மயிரிழைக் கீறல்தான்.

பின்னே? அக்காவுக்குக் கடல் தாண்டி ஜப்பானில் மூன்று வருஷ வேலை. வேலைக்குப் போட வேண்டிய சட்டைக்கு அளவுகூடக் கேட்டு வாங்கிவிட்டது அந்தக் கம்பெனி. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

“போகாதே அக்கா” என்று சொல்ல வாலுவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால், “போய்த் தொலை, ரூம் எனக்கு மிச்சம்” என்று ஒரு வாரமாக வீர வசனம் பேசிக்கொண்டிருந்தாள். மெயில் போகாவிட்டால் அக்காவும் போக மாட்டாள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

“கீழ் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கே, கேட்டுப் பார்க்கவா?” அக்கா எழுந்தாள்.

“உட்காருக்கா! அதுல ஜப்பான் எழுத்தை ஏத்தறதுக்குள்ள இது முடிஞ்சுடும். என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்கு. அதான் பயமாவும் இருக்கு.”

அப்டேட் முடிந்தது. வாலு கீபோர்டு அமைப்பில் எதையோ தட்டிவிட்டு, “இப்ப அடி” என்றாள். அக்கா அடித்தாள். ஒரு கீயைத் தொட்டால் வேறொரு எழுத்து வந்து விழுந்தது.

“அடிப்பாவி! ஜப்பான்தான் போச்சுன்னா இங்கிலீஷும் போச்சா? அடுத்தது கரண்ட்தானே?”

வாலு சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். சே, இது தோன்றாமல் போயிற்றே!

“இரு, இரு. நோய் எங்கேன்னு இப்பத்தான் பிடிபடுது,” என்று மறுபடியும் அணைத்தாள், மறுபடியும் எழுப்பினாள். அக்கா கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நகம் கடித்துக் கடித்து விரல் சிவந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மெல்லப் பிரிந்தன.

அக்கா சுவரில் சாய்ந்தாள். “முடிஞ்சுதுடி.”

வாலுவுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் அதே மனசின் இன்னொரு மூலை குதியாட்டம் போட்டது.

“விடுக்கா. உன்னை வெச்சுக்க அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை. இனிமே பாத்திரமெல்லாம் நானே கழுவறேன், போதுமா?”

அக்கா எழுந்து போனாள். பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள்.

“பெட்டி எதுக்கு? மெயில்தான் போகலையே?”

“ஒப்பந்தத்துல போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு. மனசு மாறினா இன்னைக்குப் பன்னிரண்டுக்குள்ள எழுதிச் சொல்லணும். தவறிட்டா, கிளம்பியே ஆகணும்.”

வாலு கீபோர்டைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். “அப்ப… நீ எழுத உட்கார்ந்தது?”

பெட்டியைத் திறந்தபடி அக்கா சொன்னாள்.

“‘நான் வரலை’ன்னுதான்டி!”