பின் இருக்கை

"மாப்பிள்ளையா வரப்போறவர் முன்னால உட்காரணும். பின்னால நான்தான். நம்ம வீட்டு வழக்கம் தெரியும்ல?"

நில அளவையர் தம் இளைய மகளிடம் இதைச் சொன்னபோது, ஆற்றுத்துறையில் கயாக் படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஞாயிறுதோறும் அவருடைய குடும்பமும் நண்பர்களும் மேல்துறையில் படகிறக்கி, நான்கு கிலோமீட்டர் துடுப்புப் போட்டுக் கீழ்த்துறையில் கரையேறுவார்கள்.

கூடத்தில் பத்து நாள் பழகினாலும் தெரியாத குணம் ஆற்றில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே, பெண் கேட்டு வருபவரை இரட்டை இருக்கைப் படகின் முன்னால் அமர்த்தி, தாம் பின்னாலிருந்து திசை பிடிப்பார். மூத்த மாப்பிள்ளை நடு ஆற்றில் கவிழ்ந்து, எழுந்து, முதலில் தேடிப் பிடித்தது மாமனாரின் தொப்பியை. அன்று மாலையே திருமணத்துக்கு நாள் குறித்தாயிற்று.

இளையவள் தன் விருப்பத்தைச் சொல்லி மூன்று மாதங்கள் ஆகின்றன. அப்பா சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவளும், ஆற்றில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று இவரும் விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக இருந்து, ஒருவாறு இன்று நாள் வாய்த்தது.

அவளுடன் இருவர் வந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்து கலகலப்பாகப் பேசியவனே வரன் என்று நில அளவையர் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டினார். மற்றவன் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, காரின் மேலிருந்த படகின் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வாடகைப் படகுக்கடை ஆள் போலும்.

"தம்பி, அந்த ரெட்டைப் படகைத் தண்ணியில இறக்கு. அடி தரையில உரசக் கூடாது" என்று அதட்டினார்.

"சரிங்க" என்றான் அவன்.

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கண்ணாடிக்காரனைப் பார்த்துவிட்டு, "முன்னால இவரே உட்காரட்டும்ப்பா" என்று முடித்துக்கொண்டாள்.

மற்றவர்களின் படகுகள் முந்திச் சென்றன. இரட்டைப் படகு மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்காரன் துடுப்புப் போட்டதைவிடக் கேள்வி கேட்டதே அதிகம். எத்தனை வருடமாக ஆற்றுக்கு வருகிறார், மங்கிய வெளிச்சத்தில் வந்ததுண்டா, படிக்கட்டில் இறங்கும்போது கால் தடுமாறுமா என்று அடுக்கிக்கொண்டே போனான். நடுநடுவே திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். பெண் கேட்டு வந்தவன் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நில அளவையருக்கு வியப்பு மேலிட்டது.

"ஆத்துக்குக் குறுக்கே போற அந்தக் கரண்டுக் கம்பி மேல எத்தனை பறவை சார்? தலையைத் திருப்பாம சொல்லுங்க."

"திசை பிடிக்கிறவன் எப்பவுமே தலையைத் திருப்ப மாட்டான், தெரிஞ்சுக்கோங்க. அஞ்சு. முப்பது வருஷம் நிலம் அளந்த கண்ணு இது. ஒரு அங்குலம் பிசகாது."

கண்ணாடிக்காரன் கம்பியை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான். அசந்துவிட்டான் என்று இவர் மகிழ்ந்தார்.

அடுத்த வளைவில் இடது கரை மரத்தின் கிளையொன்று அவர் தோளில் பளாரென்று அறைந்தது.

"முன்னால இருக்கிறவர் சொல்ல வேண்டாமா?"

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் முணுமுணுத்தார். காலையில் வீட்டு வாசற்கதவு இடித்ததும் இதே தோளில்தான். கதவை யாரோ பாதி திறந்து வைத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் பொறுப்பு இருக்கிறது?

ஆனால் ஆறு அன்று அவரிடம் மிகுந்த பரிவு காட்டியது. இரண்டு முறை படகு இடப்பக்கமாகப் பாறைகளை நோக்கிச் சாய்ந்து போனபோதும், யாரோ கை கொடுத்தாற்போலத் தானே விலகி நடு நீருக்கு வந்தது. இடப்பக்கம் அவ்வப்போது சளப்பென்று ஓசை கேட்டது.

"மீனு துள்ளுது" என்றார் பெருமையாக. "இந்த இடத்துல நிறைய."

"ஆமா சார், பெரிய மீனு" என்றான் கண்ணாடிக்காரன்.

கரையோரச் சாலையில் படகைப் பார்த்தபடியே காரை ஓட்டி வந்த மகள் கீழ்த்துறையில் காத்திருந்தாள். கரையில் கால் வைத்ததும் நில அளவையர் தீர்ப்பை வாசித்தார். கேள்வி கேட்கிறான், எதிர்த்துப் பேசுவதில்லை, எதையும் உற்றுப் பார்க்கிறான். குடும்பத்தையும் அப்படியே பார்த்துக்கொள்வான்.

"எனக்குப் பரிபூரண சம்மதம். இவரையே முடிச்சிடலாம்மா."

கண்ணாடிக்காரன் உயிர்காப்பு அங்கியைக் கழற்றியவாறு தயங்கினான். "எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்காங்க சார். நான் கண் டாக்டர். ஆஸ்பத்திரி வாசல்ல கால் வைக்க மாட்டேங்கிறீங்கன்னு உங்க பொண்ணுதான் என்னை ஆத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கம்பியில இருந்த பறவை எட்டு சார். உங்களுக்கு இடது பக்கப் பார்வை குறைஞ்சிட்டு வருது. இப்பவே வந்தா மேல குறையாம தடுத்துப் பார்க்கலாம்."

நில அளவையர் தம் இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அந்தப் பையன் வரவே இல்லையா?"

"மேல்துறையில இருந்து உங்க இடது தோளுக்கு நேரா, ஒரு துடுப்பு தூரத்துல வந்துட்டே இருந்தாரேப்பா. பாறைகிட்ட போனப்பல்லாம் உங்க படகை யார் தள்ளிவிட்டாங்கன்னு நெனச்சீங்க?"

வாழ்க்கையில் முதன்முறையாக, துடுப்பைக் கையில் பிடித்திருக்கும்போதே, அவர் தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பினார். காலையில் அவர் அதட்டி வேலை வாங்கிய தொப்பிக்காரன், சிறிய படகொன்றின் பக்கத்தில், முழங்கால் வரை நனைந்து நின்றுகொண்டிருந்தான்.

நில அளவையர் தம் துடுப்பை அவனிடம் நீட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க பின்னால உட்காருங்க, மாப்பிள்ளை. நான் முன்னால இருந்துக்கறேன்."