இடது பக்கத்து விளக்கு

"பொட்டிய செஞ்சது யாரு? சயின்ஸ் வாத்தியாரு. போட்டியில உக்காந்திருக்கிறது யாரு? வாத்தியாரு பொண்ணு. அப்புறம் வெளக்கு யாருக்கு எரியும்?"

கண்டக்டர் கோவிந்தசாமி இப்படிக் கேட்டதும் செஞ்சிப் பள்ளிக்கூடத்துப் பந்தலே எழுந்து நின்றது.

விநாடி வினா இறுதிச் சுற்று. ஒரு பக்கம் ஜகபர் அலி சாரின் மகள் ஜாஹிதா. இன்னொரு பக்கம் கோவிந்தசாமியின் மகள் மீனம்பாள். இருவரும் சம மதிப்பெண். பாக்கி ஒரே ஒரு கேள்வி. ஜெயிப்பவள் மெட்ராஸ் போட்டிக்குப் போவாள்.

முதலில் பொத்தானை அமுக்குகிறவர் பக்கம் விளக்கு எரியும்; மற்றது எரியாது. ஜகபர் அலி சார் ராப்பகலாக உட்கார்ந்து, ஐ.சி. சில்லு வைத்துச் செய்த பெட்டி. காலையில் அதை அதிசயமாகப் பார்த்த அதே ஜனம், இப்போது திருட்டுச் சாமானைப் போலப் பார்த்தது.

"இன்னா பண்ணணும்ங்கற கோவிந்தசாமி?" என்றார் தலைமை ஆசிரியர் ஆதிமூலம்.

"ரெண்டு பொண்ணும் எடம் மாறி உக்காரட்டும். அவ்ளோதான்."

"சும்மா இரு நைனா," என்று மீனம்பாள் கெஞ்சினாள். அவர் கேட்டால்தானே!

ஜகபர் அலி பதறிப்போனார். "எடத்த மட்டும் மாத்தாதீங்க சார்."

"ஏன்?"

"அதுல... ஒரு விசயம் இருக்குது..."

"பாத்தீங்களா, முழிக்கிறாரு!"

கூட்டத்தில் விசில் பறந்தது. நாற்காலி பறப்பதற்குள் முடித்துவிட நினைத்தார் ஆதிமூலம்.

"மாறி உக்காருங்கம்மா."

மாறினார்கள். ஆதிமூலம் கடைசிக் கேள்வியைப் படித்தார்.

"மின்தடையை அளக்கும் அலகு..."

இரண்டு கையும் ஒன்றாக இறங்கின. இடது பக்கத்து விளக்கு எரிந்தது. இப்போது அங்கே இருந்தவள் ஜாஹிதா.

"ஓம்!"

சரியான விடை.

கோவிந்தசாமியின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் பெரிய மனுஷராக மேடை ஏறினார்.

"பொட்டி மேல தப்பில்ல சார். மன்னிச்சுக்குங்க."

ஆதிமூலம் கோப்பையை நீட்டினார். ஜகபர் அலி குறுக்கே வந்து நின்றார்.

"வாங்காத ஜாஹிதா. இந்தக் கேள்வி செல்லாது சார்."

இரண்டு பக்கத்து வயரையும் பிடுங்கி, முறுக்கி, ஒரே பொத்தானில் சேர்த்தார். அமுக்கினார். இடது விளக்கு. மறுபடி அமுக்கினார். இடது. இன்னொரு தடவை. அப்போதும் இடது. விடாமல் அமுக்கியதில் எப்போதோ ஒரு தடவை வலது எரிந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே சாமான்தான் போட்டேன். ஆனாலும் ரெண்டு கையும் ஒண்ணா விழுந்தா, எடது ஒரு மயிரிழை முந்திக்குது. கரண்ட்டு லேசா ஏறி எறங்குறதுல எப்பவாச்சும்தான் மாறுது. இன்னா பண்ணியும் சரி பண்ண முடியல."

கோவிந்தசாமிக்குக் கோபம் மறுபடி தலைக்கேறியது.

"அப்ப, தெரிஞ்சேதான் கொண்டாந்து வெச்சீங்களா?"

"தெரிஞ்சேதான் கோவிந்தசாமி. அதனாலதான் அந்த எடத்துல ஒங்க பொண்ண உக்கார வெச்சிருந்தேன்."