அக்குளில் ஒரு துண்டு

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அவரவர் மூதாதையரின் தலையணியோடுதான் உள்ளே நுழைய வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாதப் பழமையான மரபு. வாசலில் நிற்கும் இயந்திரத்தில் எச்சில் துப்பினால் போதும், ஏழு தலைமுறையை நோண்டி உரிய துணியை நீட்டிவிடும். துணைவேந்தருக்கு ஜரிகைத் தலைப்பாகை வந்தது. நாலு கோணத்தில் படமெடுத்துக்கொண்டார்.

தங்கப்பதக்கம் வாங்கவிருந்த பவளமல்லியின் அப்பா பேச்சிமுத்துவுக்கு ஒரு துண்டு வந்தது. தலையில் சுற்றப் போனார்.

"தலையில் அல்ல ஐயா," என்றது இயந்திரம், தேன் குரலில். "பெரியவர்கள் முன்னால் உங்கள் முன்னோர் துண்டை அக்குளில்தான் இடுக்கினார்கள். கீழே விழுந்தால் மகளின் பதக்கம் ரத்தாகும்."

"கருமம் பிடிச்ச மெஷினு! யப்பா, வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள் பவளமல்லி.

"ஏளா, சும்மா இரு. அஞ்சு வருசப் படிப்பு. ஒரு மணி நேரம் இடுக்குனா கையா அழுகிரும்?"

மேடையில் அவள் பெயரைச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. முதல் வரிசையில் பேச்சிமுத்து மட்டும் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மரபு எவ்வளவு அழகு பாருங்கள்!" என்று அவரைக் காட்டி உருகினார் துணைவேந்தர்.

பவளமல்லி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "யப்பா, எனக்கு நீங்க கைதட்டணும்."

துண்டு விழுந்தது. எச்சரிக்கை மணி அலறியது. மற்ற கைகளெல்லாம் சட்டென்று மடிக்குப் போய்விட்டன. பேச்சிமுத்து மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். துணைவேந்தர் பதக்கத்தை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.