தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

"சோபாவில நீங்க, பக்கத்துல உங்க அம்மா, சாப்பாட்டு மேஜை ஓரமா உங்க தம்பி. இத்தனை பேர் சுத்தி உட்கார்ந்தா, அதுக்குப் பேர் தனியாவா சார்?"

நான்கு மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டுவிட்டாள், வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவள். அந்தக் கூடத்தில் உட்காராமல் நின்றவள் ஒருத்திதான். சமையலறை வாசலில், இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை. கேள்விகள் அவளுக்கானவை.

"எங்களுக்குத் தெரியாம அவளுக்கு என்னம்மா இருக்கு? கேளுங்க, நானே சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். கையிலிருந்த செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை.

"அவங்க பதிலை அவங்கதான் சொல்லணும் சார். பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. விதி அப்படி."

"அந்த விதியெல்லாம் அடிச்சுக்கிற வீடுகளுக்கும்மா. நம்ம மாதிரி வீட்டுக்கு இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து ஏறி இறங்கிய படியெல்லாம் இதே பேச்சு. விதி எப்போதும் பக்கத்து வீட்டுக்குத்தான்.

"சரி, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"அரசாங்க உத்தியோகம். அவ்வளவு போதும், எழுதிக்குங்க."

"அவங்க?"

"வீட்ல சும்மாத்தான் இருக்கா."

சும்மா இருந்தவள் இடுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். அடுப்பை அணைக்க உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது மாமியாருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். போகும்போது கொழுந்தன் சாப்பிட்டு வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"என்ன, ஒரு ரெண்டு மணி நேரம்."

"ரெண்டா? ஒண்ணுன்னு போடும்மா" என்றாள் மாமியார். "எல்லாத்துக்கும்தான் மிஷின் இருக்கே."

"துணியை எடுத்து மிஷின்ல போடுறதும் மிஷின்தானாம்மா?" என்று கேட்டாள் கணக்கெடுக்க வந்தவள்.

கொழுந்தன் களுக்கென்று சிரித்தான். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டான்.

கணக்கெடுப்பவள் கேள்வித்தாளைத் திருப்பினாள். "கடைசிக் கேள்வி. இதையாவது அவங்க சொல்லட்டும் சார். இந்தத் தெருவுக்குப் பிள்ளைகள் காப்பகம் வேணுமா வேண்டாமான்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறாங்க. நீங்க சொல்லுங்கம்மா, காப்பகம் வந்தா வேலைக்குப் போவீங்களா?"

நின்றவள் வாயைத் திறந்தாள்.

"போக மாட்டா" என்றார் வீட்டுக்காரர்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

கணக்கெடுப்பவள் எழுந்துவிட்டாள். "நீங்க சொன்னதை அவங்க பதில்னு நான் எழுத மாட்டேன். மேலே எழுதிப் போடுவேன். எங்க துறை இயக்குநருக்கே போடுவேன்."

செய்தித்தாள் மெல்ல உயர்ந்து அவர் முகத்தை மறைத்தது. "அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா. இதையெல்லாம் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்" என்று அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்த கணக்கெடுப்பவள் கோபத்தில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து சரிசெய்தாள். பின்னால் கதவு திறந்தது.

"அக்கா, பேனாவை விட்டுட்டுப் போறீங்க."

அவள் பேனா அவள் கையிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, வீட்டுக்காரி கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்தவ நான். பிள்ளைங்களுக்காக விட்டேன். திரும்ப வாங்கன்னு இன்னமும் கூப்பிடறாங்க."

"அவர்கிட்ட சொல்லலாமேம்மா?"

"எங்க சொல்றது? கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடுதே, பார்த்தீங்கள்ல?"

பார்த்ததுதான் வயிற்றெரிச்சல். கணக்கெடுப்பவள் பையிலிருந்து தாளும் உறையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப பக்கத்துல யாருமில்ல. சொல்லுங்க, போவீங்களா?"

"போவேன். அதைப் பெரிய எழுத்துல போடுங்க. அப்புறம் அந்த ரெண்டு மணி நேரக் கணக்கை அடிச்சிடுங்க. நான் தூங்கற நேரத்தை வேணா எழுதிக்குங்க, எண்ணறதுக்கு அது சுலபம்."

நடந்தது நடந்தபடி தாளில் ஏறியது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யாருடைய கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள், அந்த விதி யார் வீட்டுக்கு இல்லையாம், எல்லாம்.

"இயக்குநரை நான் பார்த்ததில்லம்மா. ஆனா பயிற்சியில அவர் எழுதினதை வாசிச்சாங்க. 'கணவர் சொல்வது மனைவியின் பதில் ஆகாது.' கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சிடுச்சு. பொம்பளை மனசு தெரிஞ்ச மனுஷன். இது மட்டும் அவர் கண்ல பட்டா, இந்த வீட்டை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

வீட்டுக்காரி முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப அவர் கண்ல பட்டே ஆகணும்."

உறையின் மேல் முகவரி எழுதியாயிற்று. பசையை நாக்கால் ஈரப்படுத்தி, வீட்டுக்காரியே அழுத்தி ஒட்டினாள்.

"தபால்ல போட்டா எந்த மேஜையில தூங்குமோ" என்று கவலைப்பட்டாள் கணக்கெடுப்பவள்.

"கொடுங்க, நான் அனுப்பிடறேன். நேரா அவர் கைக்கே போயிடும்."

உறையை வாங்கிக்கொண்டு கதவை அகலத் திறந்தவள், வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கீழ வைங்க. உங்களுக்கு ஒரு ஆபீஸ் லெட்டர். இயக்குநருக்குன்னு போட்டிருக்கு."