முன்னாள் மாணவர் மலர்

கல்லூரியின் முன்னாள் மாணவர் மலருக்கு விவரம் சேகரிப்பது தஸ்னீமின் பொறுப்பு. வருடம் தவறாமல் பதில் போடும் சிவபிரகாஷ் இந்த முறை போடவில்லை. அதனால் வாசலூர்பட்டியில் இருக்கும் அவருடைய வீட்டுக்கே வந்துவிட்டாள்.

மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அப்பா வேலப்பன், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பையன் இப்ப எங்கீங்க இருக்காரு?”

“ஜெர்மனியிலீங்க. காத்தாலை மின்சாரத்துல ஆராய்ச்சி. ரெண்டு விருது வாங்கியிருக்கான்.”

“குடும்பம்?”

“சம்சாரம் டாக்டருங்க. ஒரு பொண்ணு, பேரு நிலா.”

தடங்கலில்லாமல் சொன்னார். பெற்றவர்களின் பெருமை என்றால் இதுதான் என்று நினைத்தபடி தஸ்னீம் எழுதிக்கொண்டாள்.

“போன வருஷத்துக்கு அப்புறம் புதுசா ஏதாச்சும் உண்டுங்களா?”

வேலப்பன் தலைகுனிந்தார்.

“தெரியலீங்க. அவன் எங்ககிட்டப் பேசி ஒம்பது வருஷமாச்சு. வருஷா வருஷம் உங்க மலர் இந்த ஊட்டு விலாசத்துக்கு வரும். அதைப் படிச்சுத்தான் பேத்தி பொறந்ததே எங்களுக்குத் தெரியும்.”

தஸ்னீம் பேனாவை மூடி வைத்தாள்.

“நீங்க இன்னொருக்கா கேட்டா பதில் போடுவான் கண்ணு. ‘அம்மாவைப் பாக்க எப்ப வருவீங்க’ன்னு ஒரு கேள்வி சேத்து அனுப்புங்க. அவளுக்கு ரொம்ப முடியலை” என்றார் வேலப்பன்.